லண்டன் கொல்லையில் ஒரு நரிக்குடும்பம்

லண்டன் என்றதும் நம் கண்முன் வருபவை அரண்மனையும் பெரிய மணிக்கூண்டும் தேம்ஸ் ஆற்றுப் பாலமும்தாம். நாள்காட்டிப் படங்களில் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். நானும் அவற்றையெல்லாம் போய்ப் பார்த்தேன், படமும் பிடித்துக்கொண்டேன். ஆனால் இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அன்று. அந்த மாநகரில் மனிதரோடு மனிதராகக் குடியிருக்கும் நரி, கிளி, அணில், வானம்பாடி ஆகியவற்றைப் பற்றியும், அவற்றோடு வளர்ந்துகொண்டே நம் நாட்டுக்கு விடுமுறையில் வர நாள் எண்ணிக்கொண்டிருக்கும் இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் அக்கா 2003இல் தாதி வேலைக்காக லண்டன் போனவர். அங்கேயே திருமணம், அங்கேயே குடித்தனம் என்று ஆகிவிட்டது. மகளுக்கு 14 வயது. மகனுக்கு 9 வயது. மே மாத இறுதியில் நமக்குப் பள்ளி விடுமுறை வந்தபோது அந்த ஊர்ப் பள்ளிகளுக்கும் ஒரு வார விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து நான் போய்ச் சேர்ந்தேன்.

அக்கா வீடு கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாம் என்னும் பகுதியில் இருக்கிறது. கடைத்தெருவில் நடந்தால் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நடப்பது போலவே தோன்றும். தமிழ் எழுத்துப் பலகைகள், சேலைக் கடைகள், தோசைக் கடைகள். சற்றுத் தூரத்தில் முருகன் கோயிலும் மகாலட்சுமி கோயிலும். உள்தெருவுக்குள் திரும்பினால் இன்னொரு வியப்பு. சுவரோடு சுவர் ஒட்டி வரிசை வரிசையாக வீடுகள்! நம் லயன் வீடுகளைச் செங்கல்லால் இரண்டு மாடியாக உயர்த்திக் குளிர்நாட்டில் வைத்தது போல இருந்தது.

"அக்கா, லயனை விட்டு லயனுக்கே வந்துட்டீங்களே!" என்றேன்.

"ஆமா, இங்கே பிரட்டு மணி மட்டும்தான் அடிக்கிறதில்லை" என்று சிரித்தார் அக்கா.

ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் நீளமான ஒரு சிறு கொல்லை உண்டு. பலகை வேலிதான் எல்லை. அந்தக் கொல்லைகள்தாம் நரிகளின் நெடுஞ்சாலை.

கதையில் படித்த நரி

நம் நாட்டுக் காட்டில் நரி கிடையாது. ஆனாலும் நரியைத் தெரியாத தமிழ்ப் பிள்ளையும் கிடையாது. பாட்டி வடை சுட்ட கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறேன். கரும்பலகையில் நரியை வரைந்தும் காட்டியிருக்கிறேன். உயிருள்ள நரியை நான் கண்டது அக்கா வீட்டுச் சமையலறைச் சன்னலில் நின்றபடிதான்.

மே மாத இறுதியில் அங்கே இரவு 9 மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. இரவுச் சாப்பாடு முடிந்தும் வெளியே வெளிச்சம் இருந்தது. அக்கா மகன் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான். "சின்னம்மா, சத்தம் போடாம வாங்க." அடுத்த வீட்டுப் பலகைக் கொட்டகையின் அடியிலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு நரி தலையை நீட்டியது. நம்மூர் நாயைவிட மெலிந்த உடல். அடர்ந்த வாலின் நுனியில் வெள்ளை. அது நாற்புறமும் பார்த்துவிட்டு வெளியே வந்தது. பின்னால் நான்கு குட்டிகள்! ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன. ஒரு குட்டி எங்கிருந்தோ ஒரு பழைய செருப்பைக் கௌவி வந்து இழுத்துக் கடித்தது. நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அங்குள்ள நரிகள் மார்ச் மாத வாக்கில் குட்டி போடுகின்றன. ஒரு ஈற்றில் நான்கைந்து குட்டிகள் இருக்கும். கொட்டகையின் அடியில் மண்ணைத் தோண்டி வளை அமைக்கின்றன. எலி, புறா, மண்புழு, வண்டு, உதிர்ந்த பழம், மனிதர் எறியும் மிச்சச் சாப்பாடு எல்லாமே உணவுதான். லண்டனில் ஏறத்தாழ 10,000 நரிகள் இருக்கலாம் என்பது பலரும் சொல்லும் கணக்கு.

நரிகள் எப்படி நகரத்துக்குள் வந்தன? இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், சிறப்பாக 1930களில், லண்டனைச் சுற்றியிருந்த வயல்வெளிகளில் கொல்லையோடு கூடிய வீடுகள் ஆயிரமாயிரமாய்க் கட்டப்பட்டன. வெளியில் சுற்றித் திரிந்த நரிக்குக் கொல்லையும் புதரும் மிச்சச் சாப்பாடும் கிடைத்தன; அங்கேயே தங்கிவிட்டது. நரி ஊருக்குள் வந்தது என்பதைவிட, ஊர்தான் நரியைத் தேடிப் போனது என்று சொல்லலாம்.

அத்தானுக்கு நரி என்றாலே ஆகாது. "குப்பைப் பையைக் கிழிச்சுத் தெரு முழுக்கப் பரப்பிடும். ஜனவரியிலே ராத்திரி கத்தும் பாருங்க, யாரோ பொம்பளையைக் கொல்றாப்போல இருக்கும்" என்றார். அது ஜோடி சேரும் காலத்துக் கத்தல். பக்கத்து வீட்டு மூதாட்டியோ ஒவ்வோர் இரவும் ஒரு தட்டில் உணவு வைக்கிறார். ஒரே நரி ஒரு வீட்டுக்குப் பகை, இன்னொரு வீட்டுக்கு விருந்தாளி. உள்ளூராட்சி மன்றங்கள் பொதுவாக நரிகளைக் கொல்வதில்லை. குப்பையை மூடி வையுங்கள், கொட்டகை அடியை அடைத்து வையுங்கள் என்றே மக்களுக்குச் சொல்கின்றன.

அக்கா மகள் இன்னொரு செய்தி சொன்னாள். 2011இல் ஷார்ட் என்னும் வானுயர்ந்த கட்டடம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது அதன் 72ஆம் மாடியில் ஒரு நரி குடியிருந்ததாம். கட்டடத் தொழிலாளர்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்ததைத் தின்றே உயிர் பிழைத்திருக்கிறது. அதைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து, உடலைத் தேற்றி, மறுபடியும் தெருவிலேயே விட்டார்களாம்.

பனியில் வாழும் பச்சைக்கிளி

மறுநாள் பிள்ளைகள் என்னை வான்ஸ்டெட் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். பழகாத பறவைகளைப் பார்க்கப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு போனவளுக்குத் தலைக்குமேல் கேட்டது கிளிச்சத்தம்! கழுத்தில் சிவப்பு ஆரம் போட்ட பச்சைக்கிளிகள், நீண்ட வால்களோடு கூட்டமாகப் பறந்து போயின. கூண்டிலிருந்து வந்து சீட்டு எடுக்கும் கிளி ஜோசியக்காரரின் கிளி இருக்கிறதே, அதே இனம்.

இதன் சொந்த ஊர் இந்தியத் துணைக்கண்டமும் ஆப்பிரிக்காவும். கூண்டுப் பறவையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டுத் தப்பியவையும் திறந்துவிடப்பட்டவையும் பெருகி இன்று ஆயிரக்கணக்கில் ஆகிவிட்டன. 1951இல் ஒரு திரைப்படப் பிடிப்பில் தப்பியவை என்றும், ஒரு புகழ்பெற்ற கித்தார் கலைஞர் திறந்துவிட்டவை என்றும் கதைகள் உலவுகின்றன. ஆய்வாளர்கள் பழைய பதிவுகளை ஆராய்ந்து, இந்தக் கதைகளுக்குச் சான்று இல்லை என்று 2019இல் சொல்லிவிட்டார்கள். 1855லேயே அந்த நாட்டில் இந்தக் கிளியைக் கண்ட பதிவு உண்டு. இமயமலை அடிவாரக் குளிரிலும் வாழும் இனம் ஆதலால் லண்டன் பனியையும் தாங்கிக்கொண்டது.

மரத்துக்கு மரம் ஓடிய சாம்பல் அணிலும் அந்த மண்ணுக்குச் சொந்தமானது அன்று. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1876இல் விடப்பட்டது. அது பெருகப் பெருக, அந்நாட்டுச் செவ்வணில் பல பகுதிகளில் அற்றுப்போனது. சாம்பல் அணில் சுமந்து வரும் ஒரு வகை அம்மை நோய் செவ்வணிலுக்கு எமனாகிவிட்டது. வந்து தங்கும் உயிர்களால் அழகும் கூடும். சில வேளைகளில் இழப்பும் நேரும். இரண்டையும் அறிந்துகொள்வதுதான் கல்வி.

பூங்காவை ஒட்டி வான்ஸ்டெட் திடல் என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. அங்கே ஒரு பக்கம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். மறுபக்கம் உயர்ந்த புல்லுக்குள் வானம்பாடி கூடு கட்டுகிறது. அந்தச் சின்னஞ்சிறு பறவை பாடிக்கொண்டே நேராக மேலே ஏறி, கண்ணுக்கு மறைந்த பிறகும் பாட்டு மட்டும் கேட்கும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் அந்தப் பகுதியைச் சுற்றித் தற்காலிக வேலி போட்டு, நாயோடு வருபவர்களை விலகிப் போகச் சொல்கிறார்கள்.

இந்தத் திடல் தப்பிப் பிழைத்த வரலாறு நம் மக்கள் அறிய வேண்டியது. நிலவுடைமையாளர் ஒருவர் பொதுப் புல்வெளியை வளைத்து வேலி போட்டபோது, 1871 ஜூலையில் கிழக்கு லண்டன் மக்கள் ஆயிரக்கணக்கில் இங்கே திரண்டார்கள். வேலிகள் பிடுங்கி எறியப்பட்டன. அந்தப் போராட்டங்களின் பலனாக 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காடும் அதைச் சேர்ந்த இந்தத் திடலும் மக்களுக்கென்று நிலைத்தன. திரண்டவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். அவர்கள் காத்துவைத்த புல்லில்தான் இன்று வானம்பாடி முட்டையிடுகிறது; என் அக்கா பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

ஆகஸ்டு மாதக் கனவு

அக்கா குடும்பம் ஆகஸ்டில் இங்கே வருகிறது. சமையலறைச் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்குகிறது. சின்னவன் ஒவ்வோர் இரவும் ஒரு கட்டத்தை அடித்துவிட்டுத்தான் படுக்கிறான். கொசு மருந்து, வெயில் களிம்பு, அகலத் தொப்பி எல்லாம் இப்போதே பெட்டிக்குள். பயண நிறுவனத்தின் வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்று அவன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நீலக் கடல், சாய்ந்த தென்னை, மரத்தில் தொங்கும் ஓராங் ஊத்தான். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு தோட்டமும் அதில் இல்லை. ஒரு லயனும் இல்லை.

அந்தப் புத்தகத்தைப் பார்த்து அவன் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறான்: ஓராங் ஊத்தான், கடலாமை, இருவாட்சி, நீர்நாய், பறக்கும் பல்லி. காட்டில் வாழும் ஓராங் ஊத்தான் சபா, சரவாக் பக்கம்தான் உண்டு என்று சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. "நீர்நாய் நிச்சயம்" என்று தேற்றினேன். அவர்கள் சிங்கப்பூரில் இறங்கித்தான் வருகிறார்கள். அங்கே பீஷான் பூங்காவில் சிமெண்டு வாய்க்காலாக இருந்த காலாங் ஆற்றை, 2012இல் புல்லும் கல்லும் வளைவும் உள்ள ஆறாக மாற்றி முடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நீர்நாய்க் குடும்பம் அங்கே வந்து சேர்ந்தது. இன்று அலுவலகம் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பட்டியலைக் கேட்டுக்கொண்டே சோறு வடித்துக்கொண்டிருந்த அக்கா, "என் பட்டியலையும் எழுது" என்றார். "மின்மினி. மூசாங். கோயில் வடிகால் ஓரத்து மீன்கொத்தி. மழை விட்டதும் கத்துமே, அந்தத் தவளை."

பிள்ளைகள் விடுமுறைக்குப் போகிறோம் என்கிறார்கள். அக்கா வீட்டுக்குப் போகிறோம் என்கிறார். இதை நான் அந்தப் பத்து நாளும் கவனித்தேன். சின்னவன் ஒருநாள் என்னிடம் கேட்டான்: "சின்னம்மா, அம்மா பிறந்த வீட்டைப் பார்க்கலாமா?" அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் பிறந்த தோட்டம் 1990களிலேயே விற்கப்பட்டுவிட்டது. லயன், பால் கொட்டகை, ஆயாக் கொட்டகை, பந்து விளையாடிய திடல் எதுவும் இன்று இல்லை. அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டமும் ஒரு பெரிய சாலையும் இருக்கின்றன. வாசகர்களில் பலருக்கும் இதே கதை இருக்கும். கடல் கடந்து வரும் பிள்ளைகளுக்கு நாம் எதைக் காட்டுவது?

காட்டுவதற்கு நிறைய உண்டு

திரும்பும் விமானத்தில் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நரியின் கதையும் கிளியின் கதையும் நமக்குப் புதியவை அல்ல. காலையில் நாம் சோறு வைக்கும் காகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லை மிகுந்தபோது, அந்தப் புழுக்களைத் தின்பதற்கென்றே இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் காகங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். விலை வீழ்ந்து காப்பி போனது, ரப்பர் வந்தது. காகமோ தங்கிவிட்டது. பெருகிப் பெருகி, நகராண்மைக் கழகம் சுட்டு விரட்டும் அளவுக்கு ஆகிவிட்டது. தோட்ட வேலைக்காகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் நம் முன்னோர்கள் மட்டும் அல்லர்!

அடுத்து, செம்பனைக் காட்டுக் கூகை. வெள்ளை முகமும் ஓசையில்லாத சிறகும் உடைய இந்தப் பறவையை நம் பெரியவர்கள் அபசகுனம் என்பார்கள். மலாய் மொழியிலும் ஆந்தைக்குப் பேய்ப்பறவை என்றுதான் பெயர். ஆனால் செம்பனைக் குலையைக் கடிக்கும் எலிகளை இதுபோல் தீர்க்க வல்லது வேறொன்றும் இல்லை. ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளுமாக ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்றுவிடும். தீபகற்பத்தில் இது கூடு கட்டத் தொடங்கியதாக அறியப்படுவதே 1960களின் இறுதியில்தான். செம்பனை பரவியது, எலி பெருகியது, எலியைத் தேடிக் கூகை வந்தது. பால்மரம் அழிந்து செம்பனை வந்ததால் நாம் இழந்தவை பல. அதே மாற்றத்தில் குடியேறிய உயிர் இது. தோட்டங்களில் கம்பத்தின் மேல் வைத்திருக்கும் மரப்பெட்டிகள் இதற்காகத்தான்.

கோல சிலாங்கூருக்குப் போனால் ஒரே நாளில் இரண்டு காட்சிகள். புக்கிட் மெலாவத்தி குன்றில் சாம்பல் நிறக் குரங்குகள் குடியிருக்கின்றன. அவற்றின் குட்டிகளோ பிறக்கும்போது செம்பொன் நிறம்! சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறினால், ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணையும். மின்மினியின் புழு கரைச்சேற்றில் இருக்கும் நத்தையைத் தின்று வளர்வது. கரையை வெட்டித் திருத்தினால் நத்தை போகும். நத்தை போனால் விளக்கும் போகும்.

பறவைகளும் விடுமுறைக்கு வருகின்றன. இங்கிலாந்துத் தகைவிலான் குருவி குளிர்காலத்துக்குத் தென்னாப்பிரிக்கா வரை பறக்கிறது. வடகிழக்கு ஆசியாவின் தகைவிலான்களோ நம்மிடம் வருகின்றன. ஆண்டின் கடைசி மாதங்களில் மாலைப்பொழுதில் பெந்தோங் பட்டணத்துக் கம்பிகளில் அவை மணி கோத்தாற்போல் அமர்ந்திருப்பதைப் பார்க்கலாம். மார்ச் மாதமானால் போர்ட்டிக்சனுக்குப் பக்கத்திலுள்ள தஞ்சோங் துவானுக்குப் போங்கள். சுமத்ராவிலிருந்து 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கடலைக் கடந்து, தேன்பருந்துகள் களைத்துப்போய்க் கலங்கரை விளக்கத்தின் தலைக்குமேல் வந்து சேரும். நாம் புளிச்சோறு கட்டிக்கொண்டு குளிக்கப் போகும் அதே கடற்கரைதான். அண்ணாந்து பார்க்க வேண்டும், அவ்வளவே.

ஒரு வேண்டுகோள். குரங்குக்கு ரொட்டியும் மிட்டாயும் போடாதீர்கள். கையிலிருந்து வாங்கித் தின்று பழகிய குரங்கு நாளை பையைப் பறிக்கும்; பிறகு நாமே அதை விரட்டச் சொல்லி விண்ணப்பம் எழுதுவோம். மின்மினியைப் பார்க்கப் போனால் கைவிளக்கை அணையுங்கள். கூகையைக் கல்லால் அடிக்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் எங்கள் தோட்டப் பள்ளி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், லண்டனிலிருந்து வரும் இருவருக்கு நம் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று சொன்னேன். "இதையெல்லாம் பார்க்கவா டீச்சர் அங்கேருந்து வர்றாங்க?" என்று ஒருவன் கேட்டான். ஆனால் மறுநாளே எல்லாரும் பட்டியலோடு வந்துவிட்டார்கள். எந்தக் கம்பத்துப் பெட்டியில் கூகை இருக்கிறது, எந்த மதகில் உடும்பு வெயில் காய்கிறது, மூசாங் எந்தச் சுவரில் இரவு நடக்கிறது என்று அவர்களுக்கு அத்துபடி. "கோயிலுக்குப் பின்னால் வடிகால் கம்பியில் நீல இறக்கை மீன்கொத்தி, காலை ஏழு மணி" என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள்.

அக்கா பிறந்த வீட்டை என்னால் காட்ட முடியாது. அவர் சிறுமியாக இருந்தபோது பார்த்த அதே இனத்து மீன்கொத்தி வேறொரு தோட்டத்தில், வேறொரு கோயில் வடிகாலின் ஓரத்தில் இன்றும் மீனுக்காகக் காத்திருக்கிறது. அதை அக்கா பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறவள் அந்தச் சிறுமி. நேரத்தையும் அக்காவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.